பின்னிருந்து ஒளிரும் பெட்டி: பெரிய திரைகளுக்கிடையே ரியர் புரொஜெக்‌ஷன் தொலைக்காட்சியின் இடம்

குடிபெயர்ந்து போகும் நண்பர் ஒருவர் தம் வீட்டிலுள்ள 61 அங்குல ரியர் புரொஜெக்‌ஷன் தொலைக்காட்சியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று என் அண்ணன் மகன் தொலைபேசியில் சொன்னான். "சித்தப்பா, பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. இதை எடுத்துக்கொள்ளட்டுமா, இல்லை புதிதாகவே ஒரு பெரிய திரை வாங்கிவிடட்டுமா?" என்பது அவன் கேள்வி. என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. மூன்று படக்குழாய் கொண்ட பெட்டி ஒன்றும், அதன்பின் நுண்ணாடிச் சில்லால் படம் காட்டும் டிஎல்பி வகைப் பெட்டி ஒன்றுமாக, ரியர் புரொஜெக்‌ஷன் தொலைக்காட்சிகளோடு ஏறத்தாழ 14 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். அவற்றுக்குப் பிறகு ஒரு எல்சிடி தொலைக்காட்சியும், இப்போது சுவரோரம் வைக்கும் லேசர் புரொஜெக்டர் ஒன்றும் வீட்டுக்கு வந்திருக்கின்றன. நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

ரியர் புரொஜெக்‌ஷன் பெட்டிக்குள் நடப்பது எளிமையானது. அடியில் ஒரு சிறிய புரொஜெக்டர் இருக்கிறது. அது வீசும் படம், பெட்டியின் பின்பக்கத்தில் சாய்வாகப் பொருத்தியிருக்கும் பெரிய முகக்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, முன்னாலுள்ள திரையின் முதுகில் விழுகிறது. நாம் திரையின் முகத்தைப் பார்க்கிறோம். இவ்வளவு சுற்றி வளைத்துப் படம் காட்ட வேண்டிய தேவை, கண்ணாடிப் படக்குழாயின் எடையால் வந்தது. படக்குழாய்க்குள் காற்றில்லை என்பதால் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குக் கண்ணாடி தடிமனாக இருக்க வேண்டும். திரை அகல அகல எடை கட்டுக்கடங்காமல் ஏறும். சோனி விற்ற 40 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்றின் எடை ஏறத்தாழ 138 கிலோ. அதற்கு மேல் பெரிய படம் வேண்டுமென்றால், சிறிய படத்தை உருவாக்கி வில்லையால் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி அன்று இருக்கவில்லை.

எங்கள் முதல் பெட்டி அப்படிச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனிப் படக்குழாய்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் 7 அங்குல அளவுள்ளது. மூன்றும் தத்தம் நிறத்துப் படத்தைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக மிகச் சரியாகப் பொருத்த வேண்டும். பெட்டியைச் சற்று நகர்த்தினாலும், ஏன், குளிர்ந்திருந்த பெட்டி சூடேறி வரும்போதும்கூட, இந்தப் பொருத்தம் விலகும். எழுத்துகளின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசிவதுபோல் தெரியும். ரிமோட்டை எடுத்துத் திரையில் வரும் கட்டங்களை ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிசெய்வது மாதம் ஒருமுறை நான் செய்துவந்த வேலை. அரை மணி நேரமாகும். ஆனால் சரிசெய்து முடித்தபின், விளக்கணைத்த அறையில் இரவுக் காட்சி ஒன்றைப் பார்த்தால் அந்த உழைப்பு வீண்போகவில்லை என்று தோன்றும். படக்குழாயில் ஒளி வேண்டாத இடத்தில் ஒளியே பிறப்பதில்லை; ஆகவே கறுப்பு உண்மையாகவே கறுப்பாக இருக்கும். இந்த ஒரு குணத்தை, பின்னால் வந்த பல வகைத் தொலைக்காட்சிகள் எட்டவே வெகுகாலம் பிடித்தது.

அந்தப் பெட்டியின் குறைகளும் அதே குழாய்களிலிருந்துதான் வந்தன. சிறிய குழாயிலிருந்து பெரிய படத்துக்கான வெளிச்சத்தைப் பிழிந்தெடுப்பதால் குழாயின் முகம் கடுமையாகச் சூடாகும். அதைத் தணிக்கக் குழாய்க்கும் வில்லைக்கும் நடுவே கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த குளிர்விக்கும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தத் திரவம் கலங்கும். சில பெட்டிகளில் கசிந்து கீழிருக்கும் மின்சுற்றுப் பலகைமேல் சொட்டும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் சானல் சின்னம், ஓட்ட எண்ணிக்கைப் பட்டை போன்றவை குழாய் முகத்தில் ஒளிரும் பாஸ்பர் பூச்சில் நிரந்தரத் தழும்பாகப் பதிந்துவிடும். எங்கள் பெட்டியில் வலப்புற மூலையில் ஒரு சானலின் சின்னம் எந்தப் படம் ஓடினாலும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. இன்று யாராவது மூன்று குழாய்ப் பெட்டியைக் கொடுக்க வந்தால், பழைய கருவிகளைத் தாமே பழுதுபார்க்கும் ஆர்வமுள்ளவர் தவிர மற்றவர்கள் அன்போடு மறுத்துவிட வேண்டும்.

அண்ணன் மகனுக்குக் கிடைப்பது அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. குழாய்களுக்குப் பதிலாக விரல்நகமளவு சில்லு ஒன்று படத்தை உருவாக்கும். பின்னாலிருக்கும் விளக்கு அதற்கு ஒளி தரும். இதில் மூன்று பிரிவுகள் இருந்தன. எல்சிடி வகையில் ஒளி மூன்று சிறிய பலகைகளின் ஊடாகப் புகுந்து வரும்; எல்காஸ் வகையில் மூன்று சில்லுகளில் பட்டுத் திரும்பும்; டிஎல்பி வகையில் பெரும்பாலும் ஒரே சில்லில் இலட்சக்கணக்கான நுண்ணிய ஆடிகள் சாய்ந்து சாய்ந்து ஒளியைத் திரைக்கு அனுப்பும் அல்லது ஒதுக்கும். எல்சிடி வகையில் ஆண்டுக்கணக்கில் வெப்பமும் கடும் ஒளியும் பட்டு உள்ளுறுப்புகள் பழுதடைவதால், படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ திட்டுகள் படிவது பரவலாக அறியப்பட்ட குறை. எல்காஸ் வகையில் சோனி எஸ்எக்ஸ்ஆர்டி என்றும் ஜேவிசி டி-ஐஎல்ஏ என்றும் பெயரிட்டு விற்றவை, படத்தின் மென்மையில் மூன்றினுள்ளும் முதலிடம் பெறத்தக்கவை என்பது என் கருத்து. படப்புள்ளிகளுக்கிடையே இடைவெளி மிகக் குறைவென்பதால் அருகில் போய்ப் பார்த்தாலும் வலைக்கம்பிபோல் கட்டம் தெரியாது.

டிஎல்பி சில்லின் அடிப்படையை 1987-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லேரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஓர் ஆடி. அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இருபக்கமும் சாயக்கூடியது. திரைப்பக்கம் சாய்ந்திருக்கும் நேரம் மிகுந்தால் அந்தப் புள்ளி வெளிச்சம், குறைந்தால் இருட்டு. ஒரே சில்லால் மூன்று நிறங்களையும் ஒரே சமயத்தில் காட்ட முடியாது என்பதால் விளக்கின் முன்னால் நிறச்சக்கரம் ஒன்று நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று சிவப்பு, பச்சை, நீலப் படங்களை அடுத்தடுத்து அனுப்ப, நம் கண்தான் அவற்றை ஒன்றாக்கிக்கொள்கிறது. சிலருடைய கண் அப்படி ஒன்றாக்குவதில்லை. இருட்டில் நகரும் வெண்ணிற விளக்கு ஒன்றைப் பார்க்கும்போது அதன் ஓரத்தில் வானவில் சிதறுவதுபோல் அவர்களுக்குத் தெரியும். சிலருக்குத் தலைவலியும் வரும். எனக்கு இது அரிதாகத் தெரிந்தது. என் மனைவிக்கு ஒவ்வொரு படத்திலும் தெரிந்தது. வாங்கும் முன் வீட்டிலுள்ள எல்லாரும் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இந்த வகையின் உயிர்நாடி விளக்கு. அடைத்த குவார்ட்ஸ் குமிழுக்குள் பாதரச ஆவி 200 வளிமண்டல அளவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் எரிகிறது. பெரும்பாலான பெட்டிகளில் அதன் திறன் 100 முதல் 180 வாட் வரை. நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாமல் மங்கிக்கொண்டே வந்து, சில ஆயிரம் மணி நேரங்களில் ஓய்ந்துபோகும். எங்கள் பெட்டியில் முதல் விளக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரம் உழைத்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பழைய விளக்குக் கூட்டை வெளியே இழுத்துப் புதியதைச் செருகினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஏழாண்டுப் பழைய பெட்டி அன்று கடையிலிருந்து வந்ததுபோல் பிரகாசித்ததை நான் மறக்கவில்லை. ஒளிமூலத்தை வீட்டுக்காரரே மாற்றிப் புதுப்பிக்கும் இந்த வசதி, இன்றைய தட்டையான தொலைக்காட்சி எதிலும் இல்லை. பின்னொளி பழுதான எல்சிடியைத் திறக்க, திரைப்பலகையையே கழற்ற வேண்டும். அதில் ஒரு கீறல் விழுந்தால் முழுத் தொலைக்காட்சியும் போயிற்று.

ஆனால் விளக்கால் தீர்க்க முடியாத நோய் ஒன்று எங்கள் டிஎல்பி பெட்டிக்கு எட்டாம் ஆண்டில் வந்தது. திரையில் ஒரு வெண்புள்ளி தோன்றியது. அடுத்த வாரம் மூன்று. சில மாதங்களில் இருண்ட காட்சி வந்தாலே திரை விண்மீன் நிறைந்த வானமாகிவிடும். சில்லின் நுண்ணாடிகள் சாயாமல் ஒரே பக்கம் சிக்கிக்கொள்வதால் வருவது இது; சில்லை மாற்றுவதே தீர்வு. உற்பத்தியாளரின் சேவை மையத்தை அணுகியபோது அந்தச் சில்லு இனி வருவதில்லை என்று மூன்று வாரம் கழித்துச் சொன்னார்கள். பெட்டியின் மற்ற உறுப்புகள் அனைத்தும் நல்ல நிலையில் இருக்க, நகத்தளவுப் பொருள் ஒன்று கிடைக்காததால் அதை விட வேண்டியிருந்தது எனக்கு உண்மையான வருத்தம்.

இப்போது திரையைப் பற்றி. விற்பனைக் கடைகளில் யாரும் திரையைப் பற்றிப் பேசியதில்லை; ஆனால் ரியர் புரொஜெக்‌ஷன் தொலைக்காட்சியின் நிறைகுறைகள் முக்கால்வாசி திரையில்தான் இருக்கின்றன. அது வெறும் தாள் அல்ல. உட்பக்கம் ஃப்ரெனெல் வில்லை. வட்டவட்டமான நுண்ணிய வரிப்பள்ளங்களால், விரிந்து வரும் ஒளியை நேராக்கிப் பார்வையாளரை நோக்கித் திருப்புவது அதன் வேலை. வெளிப்பக்கம் செங்குத்தாக ஓடும் மிக மெல்லிய உருளை வில்லைகளின் வரிசை. அவை ஒளியை இடமும் வலமும் தாராளமாகப் பரப்பி, மேலும் கீழும் சிக்கனமாகப் பரப்புகின்றன. வரவேற்பறையில் மக்கள் பக்கவாட்டில்தான் பரவி உட்காருவார்கள், கூரையில் யாரும் உட்காருவதில்லை என்ற கணக்கு அது. அப்படி மிச்சப்படுத்திய ஒளியெல்லாம் சோஃபாவின் உயரத்துக்கு வந்து சேர்வதால் எளிய விளக்கே போதுமானதாகிறது. மேலும், நல்ல திரைகளில் உருளைகளுக்கிடையே கறுப்புப் பட்டைகள் அச்சிடப்பட்டிருக்கும். படத்தின் ஒளி உருளையின் நடுவே குவிந்து வெளியேற, அறையின் வெளிச்சம் அந்தக் கறுப்புப் பட்டைகளில் விழுந்து மடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் பலன் பெரிது. வெள்ளைத் திரையில் படம் காட்டும் சாதாரணப் புரொஜெக்டரோடு ஒப்பிட்டால் அது விளங்கும். 100 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 2.75 சதுர மீட்டர். 2,000 லூமன் ஒளி தரும் புரொஜெக்டர் அதில் படம் வீழ்த்தினால் வெள்ளைப் பகுதியின் ஒளிர்வு சுமார் 230 நிட் (நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு). இரவில் விளக்கு எரியும் வரவேற்பறையில் திரைமேல் 100 லக்ஸ் வெளிச்சம் விழுவதாக வைத்துக்கொண்டால், படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமே சுமார் 32 நிட்டில் சாம்பலாக ஒளிரும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் எட்டு மடங்கு வேறுபாடுதான் மிஞ்சுகிறது. விளம்பரத்தில் ஆயிரக்கணக்கில் எழுதியிருந்த மாறுபாட்டு விகிதம் அந்த அறையில் பொருளற்றுப் போகிறது. அதே விளக்கு வெளிச்சத்தில் ரியர் புரொஜெக்‌ஷன் பெட்டியில் செய்தி பார்க்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம். கறுப்பு நிறம் கறுப்பாகவே இருக்கும்.

விலையாகக் கொடுப்பது பார்வைக் கோணத்தை. சோஃபாவில் உட்கார்ந்தால் பிரகாசமாகத் தெரியும் படம், எழுந்து நின்றதும் மங்கிவிடும். தரையில் பாயில் படுத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே. திரையின் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சற்றே அதிகம் ஒளிர்வதையும், வெள்ளைப் பின்னணியில் பட்டுத் துணிபோல் ஒரு மினுமினுப்பு தெரிவதையும் கவனமுள்ள கண் கண்டுபிடித்துவிடும். பெட்டியின் பீடத்தைத் திரையின் நடு, உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்கு வரும்படி அமைப்பதுதான் இதற்கு மருந்து. சுவரில் உயரமாக மாட்டும் பேச்சுக்கு இதில் இடமில்லை. ஆனால் அந்த மங்கலான, கண்ணாடிப் பளபளப்பற்ற திரையின் சாந்தமான தோற்றத்தைக் குறைவாக மதிப்பிட எனக்கு மனமில்லை. எதிர்ச் சுவரின் சன்னல் அதில் தெரிவதில்லை. படப்புள்ளிகளின் கூரிய விளிம்புகள் வில்லைகளில் சற்றே கரைந்துவிடுவதால், பழைய திரைப்படங்கள் அதில் அச்சுச் சுருளிலிருந்து ஓடுவதுபோன்ற உணர்வைத் தந்தன.

இத்தனை நல்ல குணங்கள் இருந்தும் இந்த வகை சந்தையிலிருந்து மறைந்த வேகம் வியப்பூட்டுவது. 2000-களின் நடுப்பகுதியில் பெரிய திரை வேண்டுவோரின் இயல்பான தேர்வாக இது இருந்தது. விளக்கின் குறையைத் தீர்க்க 2006-ல் சாம்சங் எல்இடி ஒளியில் இயங்கும் டிஎல்பி தொலைக்காட்சியைக் கொண்டுவந்தது. நிறச்சக்கரமும் அதோடு தேவையற்றுப் போனது. 2008-ல் மிட்சுபிஷி லேசர் ஒளி கொண்ட 65 அங்குலப் பெட்டியை வெளியிட்டது. அதற்குள் எல்சிடி பலகைகள் பெரிதாகவும் மலிவாகவும் ஆகிவிட்டன. சோனி 2007 இறுதியில் விலகுவதாக அறிவித்தது. 92 அங்குலம் வரை பெட்டிகள் செய்துகொண்டிருந்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் நிறுத்தியது. படத்தின் தரம் தோற்றதைவிடப் பெட்டியின் ஆழம் தோற்றது என்றே நான் நினைக்கிறேன். சுவரில் சட்டம்போல் மாட்டக்கூடிய ஒன்று பக்கத்தில் நிற்கும்போது, அரை மீட்டர் ஆழமுள்ள பெட்டிக்கு வரவேற்பறையில் யாரும் இடம் ஒதுக்க விரும்பவில்லை.

தட்டைத் திரைகளில் இன்னொரு வகையான பிளாஸ்மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பும் அசைவும் அருமை. வெப்பமும் மின்செலவும் மிகுதி. பானசோனிக் 2013 இறுதியில் உற்பத்தியை முடித்துக்கொண்டபின் அது இன்று வாங்கும் பொருள் அல்ல.

இன்றைய பெரிய எல்சிடி தொலைக்காட்சிகள்தான் உண்மையான போட்டி. 75, 85 அங்குலத் திரைகள் பரவலாகிவிட்டன. 98, 100 அங்குலமும் வீடுகளுக்குள் வருகின்றன. பட்டப்பகலில் திரைச்சீலையைத் திறந்துவைத்துப் பார்க்க இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. பின்னொளியை நூற்றுக்கணக்கான சிறு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே மங்கச் செய்யும் உயர்ரக வகைகளில் கறுப்பும் நன்றாகவே வருகிறது; அப்படிப் பிரிக்காத மலிவு வகைகளை இருட்டறையில் போட்டால், என் பழைய மூன்று குழாய்ப் பெட்டி இதைவிட மேல் என்று தயங்காமல் சொல்வேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுப்பது, கறுப்புத் திரையில் எதிரிலுள்ள சன்னல் கண்ணாடிபோல் தெரிவது ஆகிய இரண்டும் மாடலுக்கு மாடல் மிகவும் வேறுபடும். கடையில் நேராக நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல் நான்கு அடி பக்கமாக நகர்ந்தும் பாருங்கள். அசைவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. படக்குழாய் ஒவ்வொரு படச்சட்டத்தையும் மின்னல்போல் ஒரு கணம் காட்டி அணைத்துவிடும். எல்சிடியும் ஓஎல்இடியும் அடுத்த சட்டம் வரும்வரை அதையே பிடித்து வைத்திருக்கும். கண் நகரும் பந்தைத் தொடரும்போது, அப்படிப் பிடித்து வைத்த படம் விழித்திரையில் இழுபட்டு மங்கலாகிறது. குழாய்ப் பெட்டியில் கிரிக்கெட் பந்து தெளிவாகத் தெரிந்தது என்று பழையவர்கள் சொன்னால் அது வெறும் பழமைப் பற்று அல்ல.

ஓஎல்இடி இருட்டறைக்கு ஏற்றது. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால், படக்குழாய் தந்த கறுப்பு அதில்தான் முழுமையாகத் திரும்பி வந்தது. பார்வைக் கோணமும் எல்சிடியைவிட மிக அகலம். நாள் முழுக்க ஒரே செய்திச் சானல் ஓடும் வீட்டில் சின்னம் பதிந்துவிடும் ஆபத்தும், 83 அங்குலத்துக்கு மேல் போனால் விலை திடீரென்று உயர்வதும் அதன் வரம்புகள். பெரிய பலகைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சிக்கலை வாங்குபவர்கள் கடைசியில்தான் உணர்கிறார்கள். 98 அங்குலத் திரையின் அகலம் 2.17 மீட்டர், அட்டைப்பெட்டி அதைவிடப் பெரிது. அதைப் படுக்க வைத்துக் கொண்டுவரவும் கூடாது. மாடிப்படித் திருப்பத்திலும் லிஃப்ட் கதவிலும் அளவுநாடா வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ரியர் புரொஜெக்‌ஷனின் உண்மையான வாரிசாக நான் கருதுவது, சுவரோரம் மேசைமேல் வைக்கும் குறுந்தொலைவு லேசர் புரொஜெக்டரை. 2.2 மீட்டர் அகலப் படத்தை அரை மீட்டர் தொலைவிலிருந்தே, கீழிருந்து மேல்நோக்கி அது வீசிவிடுகிறது. நடுவில் யாரும் நடந்து நிழல் விழாது. கூரையில் தொங்கவிட வேண்டாம். ஆனால் வெறும் வெள்ளைச் சுவரில் அடித்தால் முன்சொன்ன கணக்கின்படி பகலில் படம் வெளுத்துப் போகும். அதற்கென்று வரும் திரையில் மேற்பரப்பு முழுக்கக் கிடைவாட்டில் நுண்ணிய வரிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரியின் கீழ்முகம் புரொஜெக்டரின் ஒளியைப் பார்வையாளருக்குத் திருப்ப, மேல்முகம் கறுப்பாக இருந்து கூரை விளக்கின் ஒளியை விழுங்கிவிடுகிறது. முதன்முதல் இதை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்குப் பழைய பெட்டியின் திரைதான் நினைவுக்கு வந்தது. அன்று செங்குத்தாக ஓடிய வரிகள் இன்று படுத்துக்கொண்டிருக்கின்றன, யோசனை ஒன்றே. சில்லும் பெரும்பாலும் அதே டிஎல்பிதான். 960-க்கு 1080 ஆடிகளைக் கொண்டு படத்தைச் சற்றே அசைத்து 1920-க்கு 1080 புள்ளிகள் காட்டிய அன்றைய உத்தி, இன்று 1920-க்கு 1080 ஆடிகளை நான்கு இடத்துக்கு அசைத்து 4கே காட்டும் உத்தியாக வளர்ந்திருக்கிறது. ஒரே சில்லில் நிறங்கள் அடுத்தடுத்து வருவதும் தொடர்வதால், என் மனைவி இதிலும் வானவில் ஓரத்தைக் காண்கிறார். முன்பைவிடக் குறைவாக என்பது அவர் சொன்ன ஒரே ஆறுதல்.

லேசர் ஒளிமூலத்தின் ஆயுளாக 20,000 மணி நேரமும் அதற்கு மேலும் குறிப்பிடுகிறார்கள். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் பத்தாண்டுக்கு மேல். ஆனால் தீர்ந்தபின் நாமே மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. பொருத்துவதில் மிகுந்த பொறுமை வேண்டும்: புரொஜெக்டர் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால்கூடப் படத்தின் மேல் மூலை கோணலாகிவிடும்; திரை துளி சுருங்கியிருந்தாலும் அங்கே படம் அலையலையாக நெளியும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், ஒளி வெளிவரும் வாயை அவர்கள் எட்டிப் பார்க்காதபடி மேசையை அமைத்துக்கொள்ள வேண்டும். யாராவது நெருங்கினால் ஒளியைக் குறைக்கும் உணரி பல மாடல்களில் இருந்தாலும், அதை மட்டும் நம்பியிருக்க நான் ஒப்பமாட்டேன்.

எவ்வளவு பெரிய திரை தேவை என்பதை உட்காரும் தூரமே முடிவு செய்ய வேண்டும். திரையின் அகலம் நம் கண்முன் 30 பாகைக் கோணத்தை நிரப்பினால் திரையரங்கு உணர்வு தொடங்குகிறது என்பது பொதுவான அளவுகோல். 61 அங்குலத் திரைக்கு அந்தத் தூரம் 2.5 மீட்டர், 75 அங்குலத்துக்கு 3.1, 100 அங்குலத்துக்கு 4.1. இன்னொரு கணக்கு நுணுக்கத்தைப் பற்றியது. நல்ல கண்பார்வை ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவு கோணத்தைப் பிரித்தறியும் என்று கொண்டால், 1080 வரிகள் கொண்ட படத்தின் முழு நுணுக்கமும் திரை உயரத்தின் 3.2 மடங்குத் தூரத்துக்குள் உட்கார்ந்தால்தான் தெரியும். 61 அங்குலத் திரையின் உயரம் 76 சென்டிமீட்டர். அதற்கு இந்தத் தூரம் 2.4 மீட்டர். ஆகவே 2.5 மீட்டர் தள்ளி உட்காருபவருக்கு, அந்த அளவுத் திரையில் 4கே கூடுதலாகத் தரும் நுணுக்கம் ஏறத்தாழ எட்டாக்கனி. பழைய 1080 வரிப் பெட்டி அந்த வகையில் இன்றும் குறைபட்டதல்ல. 720 வரிப் பெட்டியாக இருந்தால் 3.6 மீட்டர் தள்ளிப் போனால்தான் படம் கூர்மையாகத் தோன்றும்.

அண்ணன் மகன் வீட்டு அறையில் சோஃபா 2.7 மீட்டரில் இருக்கிறது. அவனிடம் நான் சொன்னது இதுதான். முதலில் அந்தப் பெட்டியின் பின்புற எண்ணைப் பார்த்து விளக்கு இன்னும் கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொள். கிடைக்காவிட்டால் அத்தோடு விட்டுவிடு. பெட்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, முழுக்கறுப்புப் படத்தில் வெண்புள்ளி இருக்கிறதா, முழுவெள்ளைப் படத்தில் நிறத்திட்டு இருக்கிறதா என்று பார்; ஒரே ஒரு வெண்புள்ளி இருந்தாலும் மற்றவை பின்னால் வரும். விளக்கைப் பற்றவைத்த முதல் நிமிடத்தில் கீச்சென்ற ஓசை கேட்டால் நிறச்சக்கரத்தின் தாங்கி தேய்ந்திருக்கிறது என்று பொருள். எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பார். இருந்தாலும் புதிய 4கே கருவிகள் கேட்கும், நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு முறை அதில் இருக்காது. சில பழைய பெட்டிகள் 1080 வரிகளை இடைவிட்ட வடிவில் (ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு தவணையில்) மட்டுமே ஏற்கும். இவையெல்லாம் சரியாக இருந்தால், காசு கொடுக்காமல் எடுத்துக்கொள். படம் பார்க்கும் இரண்டாவது அறையில் வை. அதற்காக ஒரு தொகை செலவிடுவதாக இருந்தால், அதைச் சேர்த்து வைத்து, பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் 75 அங்குல எல்சிடியை வாங்கு. உன் அறையில் கூரை விளக்கு எப்போதும் எரிகிறது, அம்மா தரையில் உட்கார்ந்து பார்ப்பார். இரண்டுக்கும் அது ஈடுகொடுக்கும். நாலு மீட்டர் தள்ளி உட்காரும் பெரிய அறையும், மாலையில் விளக்கைக் குறைக்கும் பழக்கமும் இருந்திருந்தால் லேசர் புரொஜெக்டரைச் சொல்லியிருப்பேன்.

அவன் போய்ப் பார்த்தான். கறுப்புப் படத்தில் நான்கு வெண்புள்ளிகள் இருந்தன. பெட்டி வேண்டாமென்று முடிவு செய்தாலும், நண்பர் அதை எப்படி அப்புறப்படுத்துவது என்று கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் சொல்லவேண்டிய கடமை இருக்கிறது. விளக்கில் பாதரசம் இருப்பதால் அதைக் கழற்றித் தனியே, உடையாமல், மின்கழிவு பெறுபவரிடம் ஒப்படைக்க வேண்டும். திரையைத் தெருவோரம் சாய்த்து வைக்கவே கூடாது. அதிலுள்ள ஃப்ரெனெல் வில்லை ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள பூதக்கண்ணாடி. வெயில் பட்டால் ஒரு புள்ளியில் மரத்தைப் பற்றவைக்கும். துணியால் மூடி, நிழலில் வைத்து, சிறு சிறு துண்டுகளாக வெட்டிய பின்பே வெளியே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.